புயலில் விழுந்த பலாவும் நிற்கும் அயினியும்: முழுமரச் சாமான் சூழலுக்கு உண்மையில் நல்லதா?

விளைக்காரன் (திருவட்டாறு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் திருவட்டாற்றுக்கு அருகே எங்கள் பூர்வீக விளையில் (தோட்டத்தில்) வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். சுவர்ப்பூச்சு முடிந்துவிட்டது; இனித் தச்சுவேலை தொடங்க வேண்டும். இரண்டு கட்டில், ஓர் அலமாரி, ஒரு சாப்பாட்டு மேசை ஆகியவை எங்களுக்குப் போதும்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் எங்கள் விளையில் நின்ற பெரிய பலாமரம் வேரோடு சாய்ந்தது. அப்போது திரும்பிய பக்கமெல்லாம் மரங்கள் கிடந்ததால், எங்கள் பகுதியில் விறகு விலைக்குக்கூட எடுத்துப்போக ஆள் கிடைக்கவில்லை. அப்பா மட்டும் பிடிவாதமாக அதை மில்லுக்கு ஏற்றிச் சென்று அறுத்து, தொழுவத்துப் பரணில் பலகைக்குப் பலகை இடைக்கட்டை கொடுத்து அடுக்கி வைத்தார். அவர் இப்போது இல்லை. பலகைகள் அப்படியே இருக்கின்றன. அளந்து பார்த்ததில் ஏறத்தாழ 40 கன அடி வருகிறது. இது தவிர, கிணற்றுக்கு மேற்கே பலாவின் இனத்தைச் சேர்ந்த ஓர் அயினி மரம் நிற்கிறது. இருவர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத பருமன்.

உள்வேலைக்காக வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், பலாப் பலகையை விறகுக்குக் கொடுத்துவிட்டு, அயினியை நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் வீடு முழுவதும் எம்.டி.எஃப். (மரநாரைப் பசையிட்டு அழுத்திய) பலகையில் செய்துவிடலாம் என்கிறார். மரத்தை வெட்டாமல் செய்வதால் அதுவே சூழலுக்கு உகந்த முறை என்றும் சொல்கிறார். அயினியை வாங்குகிறவர் அதைக் கும்பிட்டு நிறுத்தி வைக்கவா வாங்குகிறார் என்று நான் கேட்டதற்கு அவரிடமிருந்து ஒரு சிரிப்புத்தான் பதிலாக வந்தது. கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் படிக்கும் என் மகளோ, முழுமரச் சாமான் கரியை (கார்பனை) தனக்குள் பூட்டி வைக்கும் என்று ஆதரித்துப் பேசுகிறாள். அதே மூச்சில் அயினியில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிறாள்.

முழுமரத்தால் சூழலுக்கு நன்மை என்பது மெய்தானா, அல்லது கடைக்காரர் பேச்சா? விவரம் அறிந்தவர்கள் எங்கள் நிலைமைக்குப் பொருந்துமாறு சொன்னால் உதவியாக இருக்கும்.

உளிச்சத்தம் (தக்கலை) எழுதியது:

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். தகப்பனார் ஆசாரி; நானும் அதே தொழிலில் இருப்பவன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தப் பலாப் பலகையை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓர் அங்குலக் கனமுள்ள பலகை நிழலில் காற்றோட்டத்தில் உலர ஓராண்டு ஆகும் என்பது எங்கள் தொழிலில் வழிவழியாக வரும் கணக்கு. இடைக்கட்டை கொடுத்து இத்தனை ஆண்டுகள் பரணில் கிடந்த பலாவை இன்று காசு கொடுத்தாலும் எளிதில் வாங்க முடியாது. கடையில் 'சீசன் செய்தது' என்று சொல்லி விற்கும் மரத்தில் பாதியளவு, வீட்டுக்கு வந்த பிறகுதான் உலரவே தொடங்குகிறது. ஆறே மாதத்தில் அலமாரிக் கதவு வளைந்து, பூட்டு பொருந்தாமல் போய், பழி ஆசாரியின் தலையில் விழுகிறது.

சூழல் நன்மை என்று நீங்கள் கேட்பதை நான் ஆயுள் என்றே புரிந்துகொள்கிறேன். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆண்டில் இருமுறை காற்றில் ஈரம் ஏறி இறங்கும் இந்த ஊரில், மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, ஓரத்து மேல்தாள் சற்றே பெயர்ந்தாலும் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். ஒருமுறை ஊதியது மீண்டும் சுருங்கிப் பழைய அளவுக்கு வராது. கீல் ஆணி கழன்றால் அதே துளையில் மறுபடி பிடிக்காது. முழுமரமும் மழைக்காலத்தில் விரியத்தான் செய்யும். ஆனால் வெயில் வந்ததும் சுருங்கிவிடும். அந்த அசைவுக்கு இடம் விட்டுத்தான் மேசைப் பலகையைச் சட்டத்தோடு பிணைப்போம். துளையும் முளையுமாகக் கோத்த கால் ஆடினால் தட்டிக் கழற்றி, ஆப்பு வைத்து, திரும்பப் பூட்டலாம். கீறல் விழுந்தால் இழைப்புளியால் ஒரு மயிரிழை எடுத்தால் புதுப்பலகை. பழுது பார்க்கக்கூடிய பொருளைத்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும்.

நம் காற்றிலும் ஈரத்திலும் நம் மரம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். தக்கலையிலிருந்து நடக்கும் தொலைவில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அந்த வளாகத்தின் மிகப் பழைய பகுதியாகக் கருதப்படும் தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று நிற்கிறது. மகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். உங்கள் பரணில் கிடப்பதும் அதே சாதி மரந்தான்.

ஒரு குறையையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. பலாவில் மஞ்சளோடிய வைரப்பகுதிதான் நிலைத்து நிற்கும். அதைச் சுற்றியுள்ள வெள்ளையை வண்டு விரைவில் துளைக்கும். வெள்ளை நீக்காமல் செய்தால் பத்து ஆண்டுகளில் கட்டிலுக்கடியில் மாவு கொட்டத் தொடங்கிவிடும்.

கரிக்கணக்கு (நாகர்கோவில்) எழுதியது:

தங்கள் மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மைக்கு ஓர் அளவும் நிபந்தனையும் உண்டு. எண்களோடு பார்த்தால் விளங்கும்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரி. அந்தக் கரி முழுவதும் மரம் உயிரோடிருந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு கிலோ கரி, எரிந்தோ மட்கியோ காற்றுக்குத் திரும்பினால் சுமார் 3.67 கிலோ கரியமில வாயு ஆகும். தங்களிடம் உள்ள 40 கன அடியில் வெள்ளையும் இழைப்புத் தூளும் துண்டுகளும் போக 28 கன அடி சாமானாக நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். கன அடிக்கு உலர் எடை தோராயமாக 15 கிலோ என்று கொண்டால், மொத்தம் 420 கிலோ மரம். அதில் கரி 210 கிலோ. கரியமில வாயுவாகச் சொன்னால் 770 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. எனவே தங்கள் கட்டிலும் அலமாரியும் மேசையும் சேர்ந்து ஏறத்தாழ 335 லிட்டர் பெட்ரோலின் புகையைப் பிடித்து வைத்திருக்கும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் 15,000 கிலோமீட்டர் போவதற்குச் சமம். உலகை மீட்கும் தொகை இது அன்று. ஆனால் ஒரு குடும்பத்தின் அளவில் சிறியதும் அன்று.

இனி நிபந்தனையைச் சொல்கிறேன். இந்தக் கரி நேற்றுவரை மரத்துக்குள்ளேயே இருந்தது; சாமானாக மாற்றுவதால் புதிதாக எதுவும் காற்றிலிருந்து குறைவதில்லை. விழுந்துவிட்ட பலாவைப் பொறுத்தவரை கேள்வி எளிது. சாமான் செய்யாவிட்டால் அது அடுப்பில் எரியும், அல்லது மட்கும். இரண்டிலும் கரி காற்றுக்குத்தான் போகும். ஆகவே அதைச் சாமானாக்குவது ஐயமில்லாத நன்மை. நிற்கும் அயினியோ வேறு கணக்கு. அது இன்றைக்கும் கரியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதை வெட்டினால் வேர், கிளை, இலை, அறுப்பில் கழியும் சிலாம்பு எல்லாம் போய், தடியில் பாதியளவே பலகையாகும். ஏனையவை சில ஆண்டுகளுக்குள் காற்றுக்குத் திரும்பிவிடும். அந்த இழப்பு ஈடாக வேண்டுமானால் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். வெட்டிய இடத்தில் புதுக்கன்று வளர வேண்டும். அது பழைய மரத்தின் பருமனுக்கு வரும்வரை, அதாவது இரண்டு தலைமுறைக் காலமேனும், சாமான் கெடாமல் வீட்டில் இருக்க வேண்டும். மரம் வளர எடுத்துக்கொண்ட காலத்தைவிடக் குறைந்த காலத்தில் குப்பைக்குப் போகும் மரச்சாமான், எவ்வளவு அசலான மரமாக இருந்தாலும், சூழலுக்கு நட்டமே. முழுமரத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த ஒரு வரியைத்தான்.

எனவே பலாவை முழுமையாகப் பயன்படுத்துங்கள். அயினியை நிறுத்தி வையுங்கள். மகளின் இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

இரும்பு பீரோவோடு ஒப்பிட்டும் சிலர் கேட்பதுண்டு. ஒரு டன் எஃகு உற்பத்தியில் உலகச் சராசரியாக ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. 70 கிலோ பீரோ என்றால் 140 கிலோ. மரம் இவ்விடத்தில் வெல்கிறது. ஆனால் இரும்பு பழைய விலைக்குப் போய் மீண்டும் உருகி வரும் என்பதையும், அம்மா காலத்துப் பீரோ இன்றும் பல வீடுகளில் நின்றுகொண்டிருப்பதையும் மறந்துவிடக் கூடாது. இருப்பதைத் தூக்கிப்போட்டுவிட்டு 'பசுமை' என்று புதிதாக மர அலமாரி செய்வதில் எந்தப் பசுமையும் இல்லை.

பலகைக்கடை (மார்த்தாண்டம்) எழுதியது:

பிளைவுட், எம்.டி.எஃப். விற்பவன் நான், எனவே என் கருத்தை அதற்கேற்பத் தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளுங்கள். மேலே பேசியவர்கள் ஒட்டுப்பலகையைக் குப்பை என்பது போல எழுதியிருப்பது நியாயமாகத் தோன்றவில்லை. வளைந்த தடி, மெலிந்த தடி, மில்லில் மிஞ்சும் சிலாம்பு, இவற்றை முழுமரச் சாமானில் எந்த ஆசாரியும் தொடமாட்டார். அவற்றையும் பயனுள்ள பலகையாக்குவது இந்தத் தொழில்தான். பிளைவுட்டின் உள்ளடுக்கில் நம் பக்கத்து ரப்பர் மரமும் போகிறது. சமையலறைத் தொட்டிக்குக் கீழே அகலமான பலகை வேண்டுமென்றால், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள நீர்தாங்கும் பிளைவுட், இரண்டு பலகையை இணைத்த முழுமரத்தைவிட நிலையாக இருக்கும்.

ஆனால் உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்னதில் எனக்கே உடன்பாடில்லை. எம்.டி.எஃப். மரத்தை வெட்டாமல் வருவதில்லை. அது மரத்தை நாராக்கிப் பசையோடு அழுத்திய பலகை. பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி நீண்ட காலம் சிறுகச் சிறுகக் கசியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சாளரத்தை அடைத்துக் குளிர்சாதனம் போட்டுத் தூங்கும் அறையில் வைப்பதானால், ஈ1 அல்லது அதனினும் குறைந்த கசிவுத் தரம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஃபீனால் பசையிட்ட பிளைவுட்டில் இந்தக் கசிவு மிகவும் குறைவு. விலை மலிவு என்று பெயரில்லாத பலகையை வாங்குபவர்களுக்கு நான் எத்தனை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

முழுமரக்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரத்தூளும் அதே முகமையின் முதல் பிரிவில் 1995ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தூளைச் சுவாசிக்கும் தச்சருக்கு மூக்கறையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. முகமூடி இல்லாமல் மணல்தாள் எந்திரம் ஓட்டுவதை உங்கள் வீட்டு வேலையிலாவது அனுமதிக்காதீர்கள்.

பால்வெட்டு (குலசேகரம்) எழுதியது:

நண்பர்கள் எல்லோரும் பலாவையும் அயினியையும் பேசுகிறீர்கள். அப்படிப்பட்ட மரம் விளையில் இல்லாதவர்கள் என்ன செய்வது? இந்தத் திரியை அவர்களும் படிப்பார்கள் என்பதால் ரப்பரைப் பற்றி எழுதுகிறேன்.

பால் வெட்டி 25 முதல் 30 ஆண்டுகள் ஆனதும் மரம் வற்றிவிடும். தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்தே ஆக வேண்டும். தனியார் தோட்டமானாலும், 1984ஆம் ஆண்டு தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் கீரிப்பாறை, சிற்றாறு போன்ற தோட்டங்களானாலும் இதுவே நடைமுறை. சாமானுக்காக வெட்டப்படும் மரம் அன்று. பாலுக்காக வளர்ந்து, தன் வேலையை முடித்த பிறகு கிடைக்கும் மரம். என் இளமையில் அது செங்கல் சூளைக்கும் அடுப்புக்கும்தான் போயிற்று. இன்று அதே தடி நாற்காலியும் மேசையுமாகி நிற்கிறது. மேலே கணக்குச் சொன்னவரின் அளவுகோலை வைத்தே பார்த்தால், அயினிச் சாமான் இரண்டு தலைமுறை நிற்க வேண்டிய இடத்தில், ரப்பர் நாற்காலி 30 ஆண்டுகள் நின்றாலே கடன் தீர்ந்தது. அதற்குள் அடுத்த தோட்டம் அதே உயரத்துக்கு வந்துவிடும்.

முப்பது ஆண்டுகள் நிற்குமா என்பதுதான் கேள்வி. ரப்பரில் வைரம் என்று தனியாக ஒன்றுமில்லை, முழுவதும் வெளிர்நிறமே. அதில் மாச்சத்து மிகுதியாக இருப்பதால் வெட்டிய சில நாள்களுக்குள் நீலப் பூஞ்சையும் வண்டும் வந்துவிடும். உடனே அறுத்து, போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தோடு உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்தினால் மட்டுமே உட்புறச் சாமானுக்கு ஆகும். மழையில் நனைந்தால் அந்த மருந்து கரைந்து வெளியேறிவிடும். எனவே திண்ணையில் போடும் பெஞ்சுக்கும் குளியலறைக் கதவுக்கும் ரப்பர் ஆகாது. மேலே தூரிகையால் மருந்து பூசியதை மருந்தேற்றியது என்று விற்பவர்களும் உண்டு. நானே ஒருமுறை ஊரில் ஒரு கடையில் வாங்கிய கட்டில் மூன்றாம் ஆண்டில் சல்லடையாகிவிட்டது. ஒரு துண்டை நடுவில் வெட்டிக் காட்டச் சொல்லி, உள்வரை மருந்து இறங்கியிருப்பதைச் சோதித்துக் காட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

ரப்பர்த் தோட்டம் காடு ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பலாவும் அயினியும் புளியும் மாவும் கலந்து நின்ற விளைகளை வெட்டி ஒரே மரமாக நட்டதில் பறவைகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த இழப்பை நாற்காலியால் ஈடுகட்ட முடியாது. நட்டாயிற்று, நட்ட மரத்தை வீணாக எரிக்காதிருப்போம் என்பதே என் கட்சி.

மரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: பழைய வீடு பொளிக்கும் (இடிக்கும்) இடங்களில் கிடைக்கும் தடி. எங்கள் பெரியப்பா வீட்டு நெல் பத்தாயத்தை உடைத்துக் கடைக்குப் போட இருந்தார்கள்; அந்தப் பலகையில் இப்போது என் மகனின் படிப்பு மேசை நிற்கிறது. ஆணி தேடி எடுக்கும் பொறுமையுள்ள ஆசாரி அமைய வேண்டும், அவ்வளவுதான். 'பர்மா தேக்கு' என்ற பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் முழுத்தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கடையில் அந்தப் பெயரில் கிடப்பது எந்தக் காட்டிலிருந்து எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடை வராது. வந்த வழி தெரியாத மரத்தில் கரிக்கணக்குப் போட்டுப் பயனில்லை.

விளைக்காரன் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மகளுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். 15,000 கிலோமீட்டர் என்ற கணக்கைக் கேட்டு, அப்படியானால் பைக்கை நிறுத்திவிட்டுப் பேருந்தில் போங்கள் அப்பா என்கிறாள். அதற்கு இத்திரியில் விடை தேட வேண்டாம்.

முடிவு செய்துவிட்டோம். கட்டில், அலமாரி, மேசை மூன்றும் பலாவில். சமையலறைக்கு மட்டும் பலகைக்கடை நண்பர் சொன்ன பிளைவுட். அயினி நிற்கட்டும், அதன் நிழலிலேயே இரண்டு கன்றுகளும் தாமாக முளைத்திருக்கின்றன, அவற்றுக்கு ஆடு எட்டாதபடி வேலி கட்டியாயிற்று. நேற்றுப் பரணில் ஏறிப் பார்த்தபோது மேல் பலகையின் ஓரத்தில் அப்பா கரிக்கட்டியால் '2018 தை' என்று எழுதியிருந்தார். அறுத்த நாளைக் குறித்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஐயங்கள். அடியில் உள்ள நான்கு பலகைகளில் ஊசித்துளைகள் தெரிகின்றன, மற்றவற்றுக்கும் பரவிவிடுமா? மேற்பூச்சுக்கு எதை அடிப்பது?

உளிச்சத்தம் எழுதியது:

அண்ணன், அந்த நான்கையும் உடனே தனியே இறக்கிவிடுங்கள். துளை வெள்ளைப் பகுதியில் மட்டும்தானா என்று பாருங்கள். ஒரு வெயில் நாளில் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் வைத்துத் தட்டினால், புது மாவு உதிர்கிறதா என்பது தெரிந்துவிடும். உதிரவில்லை என்றால் வண்டு எப்போதோ வெளியேறிவிட்டது. உதிர்ந்தால் வெள்ளையைச் சீவி எரித்துவிட்டு, எஞ்சிய வைரத்துக்குப் போரான் கரைசல் இரண்டு கை பூசி உலர விடுங்கள். வைரத்துக்குள் வண்டு பெரும்பாலும் போகாது.

வேலை தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே பலகைகளைப் பரணிலிருந்து இறக்கி, சாமான் எந்த அறையில் நிற்கப்போகிறதோ அந்த அறையிலேயே அடுக்கி வையுங்கள். புதுச் சுவரின் ஈரம் வற்றாத அறையில் மட்டும் வேண்டாம். இத்தனை ஆண்டு உலர்ந்தது மறுபடி ஈரம் குடித்துவிடும்.

மேற்பூச்சுக்கு மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) எல்லாம் பளபளக்கும்; ஆனால் அடிக்கும் நாள்களில் கரைப்பான் நெடி வீட்டை நிறைக்கும், பின்னால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யவும் முடியாது. அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்க்கும் பழைய பாலிஷ் கட்டிலுக்கும் அலமாரிக்கும் போதும். தண்ணீரும் சூடும் படும் சாப்பாட்டு மேசைக்கு அது வெளுத்துவிடும். அதற்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மூன்று கை கொடுங்கள், ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்த பிறகு அடுத்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட வேண்டாம். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

மஞ்சளாக இருக்கிறதே என்று கறை பூசச் சொல்லி யாராவது வருவார்கள், இசைந்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்டு ஒன்றிரண்டு ஆண்டுகளில் பலா தானே தேன்நிறத்துக்கு வந்து, பிறகு கருஞ்சிவப்பாகும்.